உறைந்தால் உறிஞ்சும், உருகினால் சொரியும்: மேப்பிள் பாகு காய்ச்சியவர்களின் வாழ்வும் மரத்தின் இயற்பியலும்

மார்ச் மாதத்தின் ஒரு காலை வேளையில் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் நிற்கும் சர்க்கரை மேப்பிள் மரத்தைப் பார்த்தால், அதில் உயிர் இருப்பதற்கான அடையாளமே கண்ணில் படாது. இலை ஒன்றுகூட இல்லை. மொட்டுகள் இறுக மூடிக் கிடக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் அளவுக்குப் பனி. இரவு முழுவதும் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருந்ததால், தண்டில் பொருத்தப்பட்ட சிறு உலோகக் குழாயின் வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு பனிக்கட்டி தொங்குகிறது. வெயில் ஏறி, தண்டின் தெற்குப் பக்கம் சற்றே சூடானதும் அந்தப் பனிக்கட்டி ஓரத்தில் பளபளத்து, நெகிழ்ந்து, கழன்று விழுகிறது. கொஞ்ச நேரம் எதுவும் நடப்பதில்லை. பிறகு குழாயின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, கனத்து, கீழே மாட்டியிருக்கும் தகர வாளியின் அடியில் ஓசையுடன் விழுகிறது. அடுத்த துளி விழச் சில நொடிகள் ஆகின்றன. நண்பகலுக்குள் துளிகள் இடைவிடாமல் சொட்டுகின்றன. தோப்பிலுள்ள நூற்றுக்கணக்கான வாளிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன.

அந்தத் துளியை நாவில் இட்டுப் பார்த்தால் குளிர்ந்த தண்ணீர்தான். விழுங்கிய பின்னரே மெல்லிய இனிப்பு தெரியும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம். கோடையில் மரம் நீரை மேலே இழுப்பது இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது ஏற்படும் இழுவிசையால்தான் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கோ இலையே இல்லை. இழுவிசையின்போது மரத்தில் துளையிட்டால் காற்று உள்ளே போகுமே தவிர, நீர் வெளியே வராது. இங்கு மரம் நீரை வெளியே தள்ளுகிறது. மொட்டை மரம், பனி மூடிய மண், உறையும் இரவு என்ற இந்தச் சூழ்நிலையில் அந்த விசை எங்கிருந்து வருகிறது என்பதே மேப்பிள் பாகின் அறிவியலில் மையமான கேள்வி. இந்த மரத்தை நம்பி வாழ்ந்தவர்களின் ஆண்டு முழுவதையும் தீர்மானித்ததும் அதே விசைதான்.

அப்படி வாழ்ந்தவர்களில் ஹெலன் நியரிங், ஸ்காட் நியரிங் தம்பதியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1883-இல் பிறந்த ஸ்காட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். குழந்தைத் தொழிலாளர் முறையை வெளிப்படையாக எதிர்த்தவர். 1915-இல் அந்தப் பணி பறிபோனது. 1904-இல் பிறந்த ஹெலன் வயலின் கலைஞர். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சார்ந்த குடும்பச் சூழலில் வளர்ந்து, 1920-களில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நெருங்கிய தோழியாக இருந்தவர். இருவரும் 1932-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, நியூயார்க் நகரத்தை விட்டு வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த பண்ணைக்குக் குடிபோனார்கள். உணவைத் தோட்டத்தில் விளைவித்துக்கொண்டார்கள். வீட்டைக் கல்லால் தாங்களே கட்டிக்கொண்டார்கள். ஆனால் வரி கட்டவும், தாங்களே செய்ய முடியாத பொருள்களை வாங்கவும் ரொக்கப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை அவர்களுக்கு மேப்பிள் மரங்கள் தந்தன. ஆண்டுச் செலவுக்குத் தேவையான தொகை கிடைத்துவிட்டால் அதற்கு மேல் சம்பாதிக்க முனைவதில்லை என்பது அவர்களின் உறுதியான கொள்கை. பாகு காய்ச்சுவதைப் பற்றி 1950-இல் இருவரும் சேர்ந்து ஒரு முழு நூலே எழுதினார்கள். அவர்களின் அரசியலை ஏற்காதவர்கள்கூட அந்த வாழ்க்கையின் ஒழுங்கைக் கண்டு வியந்தார்கள். எனக்கு அதைவிட வியப்பளிப்பது வேறொன்று: எல்லா வேலைக்கும் நேரம் வகுத்து வாழ்ந்த அந்த இருவரும், ஆண்டுக்கு ஆறேழு வாரங்கள் மட்டும் தங்கள் கால அட்டவணையை வெப்பமானியிடம் ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது.

இந்தக் கலை அவர்களுடையதும் அல்ல, வெர்மான்ட்டில் குடியேறிய ஐரோப்பியர்களுடையதும் அல்ல. அனிஷினாபே, அபெனாகி, ஹோடினோஷோனி முதலிய பூர்வகுடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே மேப்பிள் சாற்றை இறக்கியவர்கள். அனிஷினாபே மொழியில் சாறு காய்ச்சும் தோப்புக்கு ‘இஸ்கிகமிசிகன்’ என்று தனிச்சொல்லே உண்டு. அந்த வேலை நடக்கும் திங்களுக்கும் அதை ஒட்டியே பெயர். பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையைத் தைத்துச் செய்த கலங்களில் சாற்றைச் சேர்த்தார்கள். நெருப்பில் சூடேற்றிய கற்களைத் தொட்டியிலிட்டுக் கொதிக்கவைத்தார்கள். பாகாக நிறுத்தாமல், ஆண்டு முழுவதும் கெடாத சர்க்கரையாகவே கிண்டி எடுத்தார்கள். இரவில் கலத்தின் மேல் படியும் பனிக்கட்டியை எடுத்து எறிந்துவிடுவதும் அவர்களின் வழக்கம். இதன் பின்னால் நுட்பமான இயற்பியல் இருக்கிறது: சர்க்கரைக் கரைசல் உறையத் தொடங்கும்போது முதலில் கட்டியாவது ஏறக்குறையத் தூய நீர் மட்டுமே; சர்க்கரை உறையாத திரவத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே கட்டியை எறிந்தால் எறிவது தண்ணீர். மிஞ்சுவது அடர்ந்த சாறு. விறகே செலவாகாத சுண்டவைப்பு இது. பாகுப் புட்டிகளின் சிட்டைகளில் பனியும் குதிரை வண்டியும் மட்டுமே வரையப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மக்களின் அறிவு அதில் இல்லையே என்று மனம் வருந்துகிறது.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோடையில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி, தண்டின் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்ச் செல்களில் மாவுச்சத்தாகச் சேமிக்கப்படுகிறது. குளிர் வந்ததும் அந்தச் செல்களிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சுக்ரோஸாக மாற்றுகின்றன. அது மெல்லக் கசிந்து, நீரைக் கடத்தும் சைலக் குழாய்களுக்குள் போய்ச் சேர்கிறது. வெட்டவெளியில் கிளை பரப்பி நிற்கும் மரத்தின் சாறு, நெருக்கத்தில் மெலிந்து நிற்கும் மரத்தின் சாற்றைவிடப் பொதுவாக இனிப்பாக இருப்பதற்குக் காரணம், அதன் இலைப்பரப்பு அதிகம் என்பதே.

நம் வாசகர்களுக்கு இதைப் படித்ததும் பதநீர் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பனையில் இறக்கப்படுவது பாளையின் ஃபுளோயம் என்ற உணவு கடத்தும் திசுவில் ஓடும் சாறு. பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய உணவு அது. அதில் சர்க்கரை பத்துச் சதவீதத்தை ஒட்டி இருக்கும். மேப்பிளில் இறங்குவது சைலத்தில் உள்ள நீர். எனவேதான் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைச் சுண்டவைக்க வேண்டியிருக்கிறது. பனை வெயிலில் சுரக்கிறது. மேப்பிளுக்கோ உறைபனி இருந்தாக வேண்டும்.

அந்த உறைபனி என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்கள் வெர்மான்ட் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ், எட்சன், மோர்ஸ் ஆகிய மூவர். மரத்தில் துளையிட்டு அழுத்தமானிகளைப் பொருத்தி, அவர்கள் 1903-இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் படிக்கத் தகுந்தது. பகலில் மரம் உருகும்போது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தமும், மீண்டும் உறையத் தொடங்கும்போது வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் உறிஞ்சலும் மாறிமாறி வருவதை அந்த அளவீடுகள் காட்டின. சாதாரண நாளில் அந்தத் தள்ளு அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி இருக்கும். மிக நல்ல நாளில் இரண்டரை மடங்குவரை ஏறும். கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்துக்கு அது குறைந்ததல்ல.

இந்த அழுத்தத்தை வேர் தருகிறது என்று எண்ணுவது இயல்பு. பூர்ச்ச மரத்தில் அது உண்மையும்கூட. அந்த மரத்தின் சாறு வசந்தத்தில் சற்றுப் பிந்தி, மண் சூடானபின், உறைபனியின் உதவியின்றியே ஊறி வருகிறது. ஆனால் மேப்பிள் தண்டை வேரிலிருந்து வெட்டி எடுத்து, அடிப்பகுதியை நீரில் நிறுத்தி, உறையவைத்து உருகவைத்தாலும் அது சாற்றைச் சொரிகிறது. அப்படியானால் அந்த விசை கட்டைக்குள்ளேயே பிறந்தாக வேண்டும்.

கட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால் விடையின் பாதி கிடைக்கும். சாற்றுக்கட்டையில் இரண்டு விதமான வெற்றறைகள் உள்ளன. ஒன்று, நீர் ஓடும் அகன்ற சைலக் குழாய்கள். மற்றொன்று, அவற்றைச் சூழ்ந்து மரத்துக்கு வலிமை தரும், தடித்த சுவர் கொண்ட ஒடுங்கிய சைல நார்கள். பெரும்பாலான மரங்களில் இந்த நார்களின் உட்புறம் நீரால் நிறைந்திருக்கிறது. மேப்பிளில் அவை காற்றால் நிறைந்திருக்கின்றன. ஒரு மரத்தைப் பாகு தரும் மரமாக்குவது இந்தச் சிறு வேறுபாடுதான்.

1984-இல் மில்பர்ன், ஓமாலி என்ற இரு ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். மாலையில் குளிர் இறங்கும்போது முதலில் உறைவது மெல்லிய கிளைகள். அங்கே, காற்று நிறைந்த நார்களின் உட்சுவரில் பனிக்கட்டி படியத் தொடங்குகிறது. கட்டி வளர நீர் வேண்டும். அது அருகிலுள்ள சைலக் குழாயிலிருந்து இழுக்கப்படுகிறது. குழாயில் குறைந்த நீரை ஈடுகட்டக் கீழிருந்து நீர் ஏறுகிறது. இறுதியில் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. இவ்வாறு மரம் இரவில் நீர் குடிக்கிறது. நாருக்குள் கட்டி தடிக்கத் தடிக்க, அங்கிருந்த காற்று நடுவில் ஒடுங்கி நெருக்கப்படுகிறது. கட்டி முற்றிலும் மூடிக்கொண்டதும், அழுத்தத்துடன் அந்தக் காற்றுக்குமிழி இரவெல்லாம் பூட்டிவைக்கப்படுகிறது. காலையில் வெயில் பட்டுக் கட்டி உருகியதும் குமிழி விரிந்து நீரைக் குழாய்க்குள் திருப்பித் தள்ளுகிறது. கிளைகளில் உயரத்தில் கட்டியாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்த நீரின் எடையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. துளை இருந்தால் சாறு அதன் வழியே வெளியேறுகிறது.

ஆகவே குளிர் மெதுவாக இறங்குவது நல்லது. மாலையில் திடீரென்று கடுங்குளிர் அடித்தால், மேலே நீர் ஏறுவதற்குள் வழியிலுள்ள குழாய்களே உறைந்து அடைபட்டுவிடும். மரம் குடிக்காமலேயே இரவு கழியும். மறுநாள் வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும் வாளியில் அளவு குறைந்திருக்கும். பழுத்த அனுபவம் உள்ள பாகு காய்ச்சுபவர் மறுநாள் எவ்வளவு சாறு வரும் என்பதை முதல்நாள் அந்தி சாயும் விதத்தைப் பார்த்தே கணித்துவிடுவார். அவர் கணிப்பது எதை என்பதற்கான விளக்கம் மேலே சொன்ன பத்தியில் இருக்கிறது.

ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. அழுத்தத்துக்கு உள்ளான சிறு காற்றுக்குமிழி நீரோடு தொட்டுக்கொண்டிருந்தால் அது அதிக நேரம் தாங்காது. காற்று நீரில் கரைந்துபோகும். சோடாப் புட்டியில் வாயு அழுத்தத்தின்கீழ் கரைந்திருப்பதைப் போன்றதே இது. இப்படிக் குமிழிகள் சில மணி நேரத்திலேயே கரைந்துவிட வேண்டும் என்று தாவர உடலியல் ஆய்வாளர் மெல்வின் டைரீ கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் சாறு அதற்கு மேலும் பல மணி நேரம் ஓடுகிறது. மேலும், சோதனையில் குழாய்களிலுள்ள சுக்ரோஸ் கரைசலுக்குப் பதில் வெறும் நீரைச் செலுத்தினால், தண்டு உறைந்து உருகினாலும் சரியாக அழுத்தம் எழுவதில்லை. சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அங்கே இல்லை. இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவும் இருக்கிறது.

இதற்கான பதில் சவ்வூடு பரவலில் கிடைத்தது. நாரின் தடித்த சுவர் நீரை அனுமதிக்கும், சுக்ரோஸை அனுமதிக்காது என்பதை 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாருக்குள் தூய நீர். குழாய்க்குள் சர்க்கரை நீர். நடுவே சர்க்கரையைத் தடுக்கும் சுவர். ஆகவே நீர் நாரிலிருந்து குழாயை நோக்கியே போக விரும்புகிறது. இந்த இழுப்பு குழாயின் அழுத்தத்தை உயர்த்துகிறது. நாருக்குள்ளிருக்கும் குமிழியின் மேலுள்ள நெருக்கத்தைத் தணித்து, அது கரைந்துபோகாமல் காக்கிறது. எண்ணளவில் பார்த்தாலும் பொருந்துகிறது: 2 சதவீதச் சுக்ரோஸ் கரைசல் உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் தரக்கூடிய சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 1.3 வளிமண்டலம். துளையில் பொருத்திய அழுத்தமானி சாதாரண நாள்களில் காட்டும் எண்ணுக்கு அது மிக அருகில் இருக்கிறது. பனிக்கட்டி உருகுதல், வாயு கரைதல், சவ்வூடு பரவல் ஆகிய மூன்றையும் சேர்த்து, கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் 2013-இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். நூறாண்டுகளுக்கு மேலாகக் கையும் கண்ணும் அறிந்திருந்ததைக் கணிதம் எட்டிப் பிடித்த அந்தக் கட்டுரையை நான் மகிழ்ச்சியுடன் படித்தேன்.

இனி மரத்தில் போடும் துளைக்கு வருவோம். அது ஒரு காயம் என்பதை நல்ல பாகு காய்ச்சுபவர் ஒருபோதும் மறப்பதில்லை. குறைந்தது ஓர் அடி விட்டம் அடைந்த மரத்தில்தான், அதாவது பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த மரத்தில்தான், கைவைப்பார்கள். துளை இன்று 8 மில்லிமீட்டர் அகலம், நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம். சாறு தேங்காமல் வடிய, வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்த சாய்வு. துளைக்கும் கருவியிலிருந்து சுருண்டு விழும் மரத்தூள் வெண்மையாக, பாலாடை நிறத்தில் இருந்தால் உயிருள்ள சாற்றுக்கட்டை. பழுப்பாக வந்தால் அங்கே பழைய காயம் இருக்கிறது, அந்தத் துளையில் சாறு வராது.

அந்தப் பழுப்புக்குக் காரணம் மரம் காயத்தை எதிர்கொள்ளும் விதம். விலங்குகளைப் போல மரம் சிதைந்த திசுவைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அதைச் சுவரெழுப்பிப் பிரித்து வைத்துவிட்டு, வெளியே புதிய கட்டையை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970-களில் இதை விளக்கினார். துளைக்கு மேலும் கீழும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கிய ஒரு கறைப்பட்டை உள்ளே உருவாகிறது. அதற்குள்ளிருக்கும் குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டவை. வெளியே துளையின் வாய் ஓரிரு ஆண்டுகளில் மூடிவிடும். உள்ளே கறை இருந்துகொண்டே இருக்கும். எனவே அடுத்த ஆண்டுத் துளையை முந்தைய துளைக்கு நேர்மேலே போடாமல், பக்கவாட்டிலும் உயரத்திலும் தள்ளிப் போட்டு, தண்டைச் சுற்றி வருவார்கள். ஒருவர் தன் தாத்தா போட்ட துளைகளின் தழும்புகளைத் தடவிப் பார்த்து, அவற்றுக்கு நடுவில் இடம் தேடித் துளையிடுவது இந்தத் தோப்புகளில் நடக்கும் காட்சி.

இந்தப் பொறுமையை விட்டுவிட்ட காலமும் உண்டு. துளை திறந்த நான்கு முதல் ஆறு வாரங்களில் நுண்ணுயிர்கள் பெருகி அதை அடைத்துவிடும். 1960-களில் இதைத் தடுக்கப் பாராஃபார்மால்டிஹைடு மாத்திரைகளைத் துளையில் வைத்தார்கள். சாறு அதிக நாள் வந்தது. ஆனால் நுண்ணுயிர்களைக் கொன்ற அந்த நஞ்சு, மரம் சுவரெழுப்பும் வேலையையும் கெடுத்தது. உள்ளே அழுகல் பரவியது. பின்னர் அந்த வழக்கம் தடைசெய்யப்பட்டது. இன்று அதே பயனைத் தூய்மையான குழாய்முனைகளாலும், சாறு துளைக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் சிறு வால்வுகளாலும் பெறுகிறார்கள்.

சேர்ந்த சாறு நெடுநேரம் காத்திருக்காது. பாலைப் போலவே அதுவும் கெடும். ஐந்நூறு துளை போட்ட ஒரு சிறு தோப்பு பருவம் முழுவதிலும் ஏறத்தாழ 20,000 லிட்டர் சாறு தரும். அதில் பெரும்பகுதி ஓரிரு வாரங்களுக்குள் அடங்கிய சில நல்ல நாள்களில் வந்து குவியும். பனியில் கால் புதைய நடந்து, வாளி வாளியாக அதைச் சுமந்து தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். அன்றே காய்ச்சியும் ஆக வேண்டும். அதனால்தான் நள்ளிரவு தாண்டியும் காய்ச்சுக் கொட்டகையின் கூரைத் திறப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும்.

கொட்டகைக்குள் நடப்பது வெப்பத்தின் கணக்கு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். 40 லிட்டர் சாற்றை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 17 மெகாஜூல். அதில் 39 லிட்டரை ஆவியாக்க 88 மெகாஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 15 மெகாஜூல் தரும். அதில் பாதி புகைபோக்கியில் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பாகுக்கு 14 கிலோ விறகு எரிகிறது. பாகு காய்ச்சுபவரின் உடலுழைப்பில் பெரும்பகுதி மரத்திடம் அல்ல, விறகிடம்தான் செலவாகிறது என்பதை இந்த எண் சொல்லும்.

எனவேதான் கொப்பரையின் வடிவம் முக்கியமாகிறது. வட்டமான இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் அடியில் சூடு ஏறுவது மெதுவாகும். பாகு நெடுநேரம் நெருப்பில் கிடந்து கருகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த தட்டையான தகரத் தட்டுகள் இதை மாற்றின. பின்தட்டின் அடிப்பாகம் வீட்டுக் கூரையின் மடிப்புகளைப் போல ஆழமாக மடிக்கப்பட்டிருக்கும். தீக்கொழுந்து அந்த மடிப்புகளுக்கு நடுவே ஓடுவதால் சூடேறும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. ஒரு முனையில் மிதவை வால்வு வழியாகப் புதுச்சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து முன்தட்டுக்கு வரும்போது அது பாகாகியிருக்கும். ஒரே தட்டில் ஒரு முனை தண்ணீர், மறுமுனை பாகு, இரண்டும் கலப்பதில்லை.

சில சமயம் நுரை பொங்கித் தட்டின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். அப்போது கொட்டகையில் இருப்பவர் பதறுவதில்லை. ஒரு சொட்டுப் பாலேட்டை நுரைமேல் விடுகிறார். முழங்கை உயரத்துக்கு எழுந்திருந்த நுரை கண் இமைக்கும் நேரத்தில் அடங்கிவிடுகிறது. கொழுப்பு நுரைப்படலத்தின் மேல் பரவி, அதன் பரப்பு இழுவிசையைச் சீர்குலைத்துப் படலத்தை உடைப்பதே காரணம்.

பாகு முற்றியதை அறிய இரண்டு வழிகள் உண்டு. நம் வீடுகளில் கம்பிப் பதம் பார்ப்பதைப் போல, அகலமான கரண்டியில் மொண்டு சரித்துப் பார்ப்பது ஒன்று. முதலில் துளித்துளியாக விழும். பிறகு இரண்டு துளிகள் விளிம்பில் இணையும். பதம் வந்ததும் கரண்டியின் முழு விளிம்பிலிருந்தும் ஒரு திரையாகத் தொங்கி அறுந்து விழும். மற்றொன்று வெப்பமானி: நீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாகக் கொதிக்கும்போது அதில் சர்க்கரை 66 சதவீதம். காற்றழுத்தம் மாறினால் நீரின் கொதிநிலையும் மாறும் என்பதால், கவனமுள்ளவர்கள் அன்றன்று வெறும் நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்த பின்பே அந்த 4 டிகிரியைக் கூட்டுவார்கள். அதைவிட நீர்த்தால் பாகு பூஞ்சை பிடிக்கும். முற்றினால் புட்டியின் அடியில் கற்கண்டாக உறையும். கொதியில் மாலிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து நறநறவென்ற வண்டலாகப் பிரியும். அதைச் ‘சர்க்கரை மணல்’ என்பார்கள். தடித்த கம்பளித் துணியில் சூட்டோடு வடிகட்டினால்தான் பாகு தெளியும்.

நிறமும் மணமும் சாற்றில் கிடையாது, அடுப்பில் பிறப்பவை. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரியும் மெய்லார்ட் வினைதான் இங்கும் நடக்கிறது. ஆனால் சுக்ரோஸ் அந்த வினையில் எளிதில் இறங்குவதில்லை. அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது வாளியிலும் துளையிலும் வாழும் நுண்ணுயிர்கள். பருவத் தொடக்கத்தில் குளிர் கடுமையாக இருப்பதால் அவை குறைவு. பாகு பொன்னிறமாக, மென்மணத்துடன் இருக்கும். நாள் செல்லச் செல்ல அவை பெருகுகின்றன. பாகும் அம்பர் நிறமாகி, பிறகு கருத்து, மணம் தடிக்கிறது. வெளிறிய பாகே உயர்ந்தது என்று நெடுங்காலம் விலை வைக்கப்பட்டது. என்னைக் கேட்டால், மேப்பிளின் முழு மணமும் இருப்பது பருவத்தின் பிற்பாதியில் இறங்கும் கரும்பாகில்தான்.

1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. வாளிகள் மெல்ல மறைந்தன. பின்னர் குழாய்களில் வெற்றிடப் பம்புகள் பொருத்தப்பட்டன. சாறு ஓடுவது மரத்துக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வேறுபாட்டால் என்பதால், வெளியழுத்தத்தைக் குறைத்தாலும் அதே பலன் கிடைக்கிறது. 1970-களில் எதிர் சவ்வூடு பரவல் கருவிகள் கொட்டகைகளுக்கு வந்தன. 2 சதவீதச் சாற்றை 8 சதவீதமாக்கினால் நீரில் முக்கால் பங்கு அடுப்பை எட்டாமலே போய்விடும். வீட்டில் குடிநீருக்கு வைக்கும் அதே ஆர்.ஓ. முறைதான், நாம் நீரை வைத்துக்கொண்டு எஞ்சியதை விடுகிறோம், அவர்கள் நீரை விட்டுவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்கிறார்கள். இன்று உலகின் மேப்பிள் பாகில் மிகப் பெரும் பங்கு கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து இந்த முறைகளில்தான் வருகிறது.

நியரிங் தம்பதியர் இவற்றுக்கெல்லாம் முன்பே, 1952-இல், வெர்மான்ட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஸ்ட்ராட்டன் மலையில் பனிச்சறுக்குத் தொழில் வரப்போவதைக் கண்டு, மெய்ன் மாநிலக் கடற்கரையில் புதிதாக ஒரு பண்ணையைத் தொடங்கினார்கள். அங்கே புளூபெர்ரிப் பழம் அவர்களின் பணப்பயிரானது. ஸ்காட் 1983-இல், நூறு வயது நிறைந்த சில நாள்களில் காலமானார். ஹெலன் 1995-இல் மறைந்தார்.

மரம் எப்போது நிறுத்தும் என்பதும் அதன் கையில்தான் இருக்கிறது. ஏப்ரலில் இரவுகள் உறைவது நின்றுவிட்டால் குமிழிகளில் காற்று மீண்டும் நெருக்கப்படுவதில்லை. மரம் குடிப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. மொட்டுகள் உப்பத் தொடங்கியதும் சாற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்கள் மாறி, காய்ச்சினால் விரும்பத்தகாத ஒரு வாடை வருகிறது. ஈரநிலங்களில் சிறு தவளைகள் கத்தத் தொடங்கும் இந்தக் கடைசி நாள்களின் சாற்றோட்டத்தை அங்கே ‘தவளை ஓட்டம்’ என்கிறார்கள். அந்த ஒலி கேட்டதும் குழாய்முனைகளைக் கழற்றி, வாளிகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து அடுக்குகிறார்கள். தட்டுகளில் படிந்த சர்க்கரை மணலைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போகிறார்கள். அடுத்த மார்ச்சுக்குள் அது காய்ந்தாக வேண்டும்.